கருக்கலில் குறி (வாய்வழித் துப்பாக்கி)

குழல்வாய் வழியே கரிமருந்தும் குண்டும் இட்டு, கோலால் கெட்டித்துச் சுடுவது வாய்வழித் துப்பாக்கி. தமிழகத்தின் நாட்டுத் துப்பாக்கியும் இலங்கையின் இடியன் துவக்கும் இந்த இனத்தவையே. அதன் இரும்புக் குறியை அதிகாலையிலும் அந்தியிலும் கண்ணுக்குப் புலப்படச் செய்ய வேட்டைக்காரர்களும் கொல்லர்களும் முந்நூறு ஆண்டுகளாக முயன்று வந்திருக்கிறார்கள். அந்த முயற்சி அதிகம் நடந்தது வட அமெரிக்கக் காடுகளில்.

மான் மேய்ச்சலுக்கு இறங்குவது கருக்கலில். வேட்டைக்காரர் கையில் இருப்பதோ ஒரே ஒரு குண்டு; மறுபடி கெட்டிக்கப் பழகிய கைக்கே அரை நிமிடம் பிடிக்கும். பின்குறியின் காடி, குழல்முனையில் நிற்கும் முன்குறி, இலக்கு ஆகிய மூன்றும் ஒரே கோட்டில் வர வேண்டும். கண்ணோ ஒரு நேரத்தில் ஒரு தொலைவைத்தான் தெளிவாகக் காணும். பகல் வெளிச்சத்தில் கண்பாவை சுருங்கியிருப்பதால் மற்ற இரண்டும் ஓரளவு தெளிவாகவே தெரியும். பொழுது சாயச் சாயப் பாவை விரியும். காடியின் விளிம்புகள் கலங்கும். கறுத்த முன்குறி மானின் பழுப்பு உடம்போடு கரைந்துபோகும். மான் தெரியும், குறி தெரியாது. இந்தத் துறையின் சிக்கல் முழுவதும் இதுதான்.

18ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் பகுதியில் குடியேறிய ஜெர்மானிய, சுவிஸ் கொல்லர்கள் தங்கள் நாட்டுக் குட்டை வேட்டை ரைபிளை நீளமாக்கினார்கள். நீண்ட குழலில் இரு குறிகளுக்கும் நடுவே தூரம் கூடியது, குறிப்பிழை குறைந்தது. முன்குறியை அவர்கள் வெள்ளியிலோ பித்தளையிலோ மெல்லிய தகடாகச் செய்தார்கள். இரும்பு மங்கும் வேளையிலும் இவை வானத்து ஒளியில் கொஞ்சத்தை வாங்கிக் கண்ணுக்கு அனுப்பும். ஆனால் பின்குறியின் காடி நூலிழை போல் குறுகலாக இருந்தது. பகலில் அது நுட்பம். அந்தியில் அதுவே அடைப்பு. அந்தக் காலத்து ரைபிள்கள் சிலவற்றில் குழலின் மேல் ஒரு வெற்றுக் காடி தெரியும். முதலில் பின்குறி செருகியிருந்த இடம் அது. வயதாகிக் கிட்டப் பார்வை மங்கியபோது, அதைப் பெயர்த்துக் கண்ணிலிருந்து தள்ளி, முன்னால் வைத்துக்கொண்டார்கள். அப்படி மாற்றிக்கொண்டவரின் வயதையே அந்த வெற்றுக் காடி சொல்லிவிடுகிறது.

அடுத்து வந்தது அரம். பின்குறியின் காடியை அகலமாக அராவினால், முன்குறியின் இரு பக்கமும் இரண்டு வெளிச்சக் கீற்றுகள் கிடைக்கும். கண் உண்மையில் அளப்பது அந்தக் கீற்றுகளைத்தான். இரண்டும் சமமாக இருந்தால் குறி நடுவில் நிற்கிறது என்று பொருள். செலவே இல்லாத இந்த வேலைதான் கருக்கலுக்கு எல்லாவற்றிலும் பெரிய உதவி என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. முன்குறியிலும் ஒரு பாடம் உண்டு. உருண்டையான பித்தளை மணியில் மேற்கு வெளிச்சம் பட்டால் அந்தப் பக்கம் மட்டும் மினுங்கும். மினுங்கும் பக்கத்தையே நடுவாகக் கண் எடுத்துக்கொள்ள, குண்டு வெளிச்சத்துக்கு எதிர்ப்பக்கம் விலகும். அதனால் மணியின் பின்முகத்தைத் தட்டையாக அராவி, சற்றே வானம் நோக்கிச் சாய்த்துவிடும் வழக்கம் வந்தது. வெள்ளைச் சாயமோ நகப்பூச்சோ தொட்டு வைப்பவர்களும் உண்டு. மேல்விளிம்பில் பூச்சு தடித்துவிடக் கூடாது. முன்குறி உயர்ந்தால் குண்டு தாழும்.

1879இல் கனெக்டிகட்டைச் சேர்ந்த வில்லியம் லைமன் கண்ணருகே நிற்கும் துளைக்குறிக்குக் காப்புரிமை பெற்றார். துளைக்குள் பார்த்தால் போதும், அதன் நடுவைக் கண் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். மூன்று வேலை இரண்டாகக் குறைந்தது. சிறு துளை அந்தியில் இருட்டடிக்கும் என்பதால், உள்வளையத்தைக் கழற்றி அகன்ற துளையோடு சுடும் பழக்கம் ஏற்பட்டது. தந்தத்தில் செய்த முன்மணியும் அந்தக் காலத்தில் பரவியது. வெண்மையில் அதற்கு ஈடில்லை என்றாலும் நாளடைவில் மஞ்சளாகும், அடிபட்டால் உடையும்.

எந்த நிறம் என்ற கேள்விக்கு விடை துப்பாக்கிப் பட்டறையில் கிடைக்கவில்லை. வெளிச்சம் குறையும்போது சிவப்புப் பூ கறுத்துப்போக, அதன் இலை மட்டும் நெடுநேரம் தெரிவதை 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் செக் அறிஞர் புர்க்கின்யே கவனித்தார். பகலில் ஏறக்குறைய 555 நானோமீட்டர் அலைநீளத்தில் கூர்மையாக இருக்கும் கண், இருளில் 507க்கு, அதாவது நீலப்பச்சைப் பக்கம் நகர்கிறது. நண்பகலில் எடுப்பாகத் தெரியும் சிவப்பு முன்குறி அந்தியில் கறுப்பாவது இதனால்தான். பச்சை தாக்குப்பிடிக்கும்.

20ஆம் நூற்றாண்டில் தானே ஒளிரும் பொருள்கள் குறிகளில் ஏறின. அவற்றுள் டிரிட்டியத்தின் அரைவாழ்வு சுமார் 12 ஆண்டுகள். அதற்குள் வெளிச்சம் பாதியாகிவிடும். வாய்வழித் துப்பாக்கிக்காரர்கள் பெரிதும் ஏற்றுக்கொண்டது ஒளியிழையைத்தான். சாயமேற்றிய பிளாஸ்டிக் இழை தன் உடல் முழுவதும் வெளிச்சத்தை உறிஞ்சி, நுனியில் பொட்டாகக் கக்கும். பின்னால் இரண்டு பச்சைப் பொட்டு, முன்னால் ஒன்று. மேகமூட்டத்திலும் மரநிழலிலும் அற்புதமாக வேலை செய்யும். ஆனால் உறிஞ்ச வெளிச்சமே இல்லாதபோது இழையும் அவிந்துபோகும். கிளை பட்டால் முறியும்.

இந்தத் தேடல் இன்னும் ஓயாததற்குச் சட்டமும் ஒரு காரணம். 1933இல் அமெரிக்காவில் வாய்வழி ரைபிள்காரர்களின் தேசியச் சங்கம் தோன்றியது. பிறகு பல மாநிலங்கள் இத்துப்பாக்கிக்கெனத் தனி வேட்டைக்காலம் ஒதுக்கின. பென்சில்வேனியாவில், கல் உரசும் பொறியால் மருந்தைப் பற்றவைக்கும் சக்கிமுக்கித் துப்பாக்கிக்கான காலம் 1974இல் தொடங்கியது. 1985இல் டோனி நைட்டின் எம்.கே.-85 போன்ற புதுவகை ரைபிள்கள் வந்து, தொலைநோக்கியும் அவற்றின் மேல் ஏறியபோது, பழமையைக் காக்க விதிகள் தேவைப்பட்டன. கொலராடோவின் வாய்வழித் துப்பாக்கிக் காலத்தில் தொலைநோக்கிக்கும் மின்கலம் வைத்த குறிக்கும் இடமில்லை. இரும்புக் குறியில் ஒளியிழையோ ஒளிர்சாயமோ இருக்கலாம். சூரியன் எழ அரை மணி முன்பிருந்து, மறைந்து அரை மணி வரை அங்கே சுட அனுமதி உண்டு. அந்தக் கடைசி அரை மணியில் சக்கிமுக்கியின் மருந்துக் கிண்ணம் பற்றும் பளிச்சொளி சுட்டவரின் கண்ணையே கூசச் செய்யும். கரிமருந்துப் புகை காற்றில்லாத வேளையில் முகத்துக்கு முன் அப்படியே நிற்கும். மான் எந்தப் பக்கம் ஓடியது என்பதைப் புகை விலகிய பிறகு, மிச்சமிருக்கும் வெளிச்சத்தில் தரையைப் பார்த்துத்தான் தேட வேண்டும்.