மேகன் சட்டம்

மேகன் கான்கா, அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 1994இல் எதிர்வீட்டுக்காரனால் கொல்லப்பட்ட 7 வயதுச் சிறுமி. அவன் முன்பே சிறுமிகளிடம் பாலியல் குற்றம் புரிந்து தண்டனை பெற்றவன். அது பெற்றோருக்குத் தெரியாது. அந்த ஆண்டே பிறந்த மாநிலச் சட்டம் அவள் பெயரால் வழங்குகிறது. 1996இல் நாடு தழுவிய சட்டமும் வந்தது.

நியூ ஜெர்சிச் சட்டப்படி, விடுதலையான பாலியல் குற்றவாளி தன் முகவரியைக் காவல்துறையிடம் பதிய வேண்டும். அவரால் எவ்வளவு ஆபத்து என்று கவுன்டியின் அரசு வழக்கறிஞர் மூன்று படிகளாகத் தரம் பிரிக்கிறார். முதல் படியில் தகவல் காவல்துறையோடு நிற்கும். இரண்டாம் படியில் பள்ளிகளுக்கும் குழந்தைகள் காப்பகங்களுக்கும் போகும். மூன்றாம் படியில் அக்கம்பக்கத்து வீடுகளின் கதவைத் தட்டிப் படத்துடன் அறிவிப்புத் தருகிறார்கள். தரத்தை எதிர்த்துக் குற்றவாளி நீதிமன்றம் போகலாம். அந்த வாய்ப்பு அவசியமானதே. அறிவிப்பைக் காட்டி அவரைத் துன்புறுத்தச் சட்டம் இடம் தரவில்லை.