ஓட்டு வீட்டுக்கு மேலே ஒரு ஆன்டெனா

வீட்டுக்கு நெட் இழுப்பது இன்றைக்குப் பெரிய விஷயமே இல்லை. போன் செய்தால் ஒரு தம்பி பைக்கில் வருகிறார். கம்பத்திலிருந்து மெல்லிசாக ஒரு கேபிள், சுவரில் ஒரு ரவுட்டர், நாலு பச்சை விளக்கு. மாடியில் பையனின் லேப்டாப்பும் அடுப்படியில் அம்மாவின் செல்போனும் ஒரே வலைக்குள் வந்துவிடும்.

2001-ல் நிலைமை என்ன? வீட்டில் டயல்-அப் வைத்திருந்தவர்களுக்கு அந்தக் கீச்சுக் கீச்சு சத்தம் ஞாபகம் இருக்கும். நெட்டில் உட்கார்ந்தால் போன் எங்கேஜ்டு. போன் வேண்டுமென்றால் நெட்டைக் கட் பண்ணணும். அதே காலத்தில், மதுரையிலிருந்து திருச்சி போகிற வழியில் இருக்கிற மேலூரைச் சுற்றிய கிராமங்களில், போனும் நெட்டும் ஒரே நேரத்தில் ஓடின என்றால் நம்புவீர்களா? ஓடின.

திட்டத்தின் பெயர் 'சாரி'. புடவையும் இல்லை, மன்னிப்பும் இல்லை. 'சஸ்டெயினபிள் ஆக்சஸ் இன் ரூரல் இந்தியா' என்பதன் சுருக்கம். நிலைத்து நிற்கும் இணைப்பு என்று அர்த்தம். நின்றதா என்பதைப் பிறகு பார்ப்போம். சென்னை ஐ.ஐ.டி., அமெரிக்காவின் எம்.ஐ.டி., ஹார்வர்டு என்று பெரிய இடங்கள் சேர்ந்து மேலூர் தாலுகாவைத் தேர்ந்தெடுத்தன. களத்தில் இறங்கியது ஐ.ஐ.டி.யில் உருவான 'என்-லோக்' என்ற கம்பெனி.

இதற்குப் பின்னால் இருந்தவர் ஐ.ஐ.டி. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா. 90-களில் அவர் போட்ட கணக்கு எளிமையானது, காமர்ஸ் படித்த எனக்கு ரொம்பப் பிடித்ததும் கூட. அப்போது ஒரு டெலிபோன் இணைப்பு கொடுக்க 30, 40 ஆயிரம் ரூபாய் செலவு. அந்த முதலுக்கு வட்டி, தேய்மானம், பராமரிப்பு எல்லாம் போக மாதம் ஆயிரம் ரூபாயாவது வசூலானால்தான் கட்டுப்படியாகும். எத்தனை குடும்பம் கொடுக்கும்? செலவில் பெரும்பங்கு எக்ஸ்சேஞ்சிலிருந்து வீடு வரை வருகிற செம்புக் கம்பிக்கே போனது. அப்படியானால் கம்பியைத் தூக்கிவிடு!

அப்படிப் பிறந்ததுதான் 'கார்டெக்ட்'. மேலூரில் ஒரு கோபுரம். 10 கிலோமீட்டர் சுற்றளவில் எந்த வீட்டுக் கூரையிலிருந்தும் அந்தக் கோபுரத்தைப் பார்த்து ஒரு ஆன்டெனாவைத் திருப்பி வைத்தால் இணைப்பு கிடைக்கும். நடுவில் ஒரு நிலையம் போட்டால் 25 கிலோமீட்டர். சமவெளி என்பதால் சௌகரியம், குறுக்கே பாறைக்குன்று வந்தால் போச்சு. கூரையிலிருந்து இறங்கும் ஒயர் சுவரில் மாட்டிய பெட்டிக்குள் போகும். பெட்டியில் போனுக்கு ஒரு துளை, கம்ப்யூட்டருக்கு ஒரு துளை. பேசிக்கொண்டே நெட் பார்த்தால் வேகம் 35 கிலோபிட், போனை வைத்துவிட்டால் 70. இன்றைக்கு அந்த வேகத்தில் ஒரு போட்டோகூட நிம்மதியாகத் திறக்காது, அன்றைக்கு அது ராஜபாட்டை.

கம்ப்யூட்டர், பிரிண்டர், வெப்கேமரா, பேட்டரி எல்லாம் சேர்த்து ஒரு மையத்துக்குச் சுமார் 50,000 ரூபாய். சில மையங்களைத் தானம் அறக்கட்டளை நடத்தியது, மற்றவை உள்ளூர்க்காரர்கள் கடன் வாங்கிப் போட்டவை. நடத்தியவர்களில் பெண்கள் நிறைய. சில வருடங்களில் எண்ணிக்கை எண்பதை நெருங்கியது. பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் வகுப்பு, ஜாதகம், வெளியூர் உறவுக்கு ஈ-மெயில். கண்ணில் கோளாறு என்று வருபவரை வெப்கேமராவில் படம் பிடித்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள், நேரில் வரணுமா வேண்டாமா என்று பதில் வரும்.

ஆனால் ஜனங்களை இழுத்த சரக்கு வேறு. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதியோர் பென்ஷன் மனு. ஊரிலிருந்தே மேலூர் தாலுகா ஆபீசுக்கு அனுப்பலாம். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் பிடித்து வந்து, 'ஐயா இல்லை, நாளைக்கு வா' என்று கேட்டுத் திரும்புகிறவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை. கூட்டம் வந்தது, கல்லாவும் நிறைந்தது.

ஒரு வருடம் போல நன்றாக நடந்தது. பிறகு ஆர்வம் காட்டிய அதிகாரிகளும், பழகிய ஊழியர்களும் மாறுதலாகிப் போனார்கள். புதிதாக வந்தவர்களுக்கு இது எதற்கு என்றே புரியவில்லை. மனுக்கள் இங்கிருந்து போயின, அங்கே திறந்து பார்க்கத்தான் ஆள் இல்லை. நாலு தடவை கேட்டுவிட்டு ஜனங்கள் பழையபடி பஸ் ஏறிவிட்டார்கள். கோபுரம் நின்றுகொண்டுதான் இருந்தது. கடன் வாங்கிக் கடை போட்டவர்களுக்கு மாதத் தவணையும் கரன்ட் பில்லும் நிற்கவில்லை. 2005-க்குள் பல மையங்கள் மூடப்பட்டன. அந்த வருடம்தான் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்டும் வந்தது, 70 கிலோபிட்டுக்கு மரியாதை போனது.

அதே சமயத்தில் அரவிந்த் மருத்துவமனை தேனிப் பக்கம் ஒரு காரியம் செய்தது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, வீட்டுக்குள் நாம் வைத்துக்கொள்கிற அதே வை-ஃபையைக் கோபுரத்தில் ஏற்றி, பல கிலோமீட்டர் தள்ளியிருந்த சின்ன ஊர்களின் கண் மையங்களைத் தேனி மருத்துவமனையோடு இணைத்தார்கள். நோயாளி இந்தப் பக்கம் உட்கார்ந்தால், கேமராவுக்கு அந்தப் பக்கம் அவரோடு பேச ஒரு டாக்டர் உட்கார்ந்திருந்தார்.