படம் பார்த்துப் பேசட்டும் மழலையர்

படங்களால் கதை சொல்வது காஞ்சிபுரத்துக்குப் புதிதல்ல. எட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்மன் எழுப்பிய வைகுந்தப் பெருமாள் கோயிலின் திருச்சுற்றுச் சுவர்களில் பல்லவர் வரலாறு வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. வாரிசின்றி அரசன் மறைந்துவிட, பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவனைத் தேடி அழைத்து வந்து முடிசூட்டிய கதையை அங்கே காட்சி காட்சியாகக் காணலாம். சில காட்சிகளின் அடியில் விளக்க வரிகளும் உண்டு. நகரை ஒட்டிய திருப்பருத்திக்குன்றம் சமணக் கோயிலின் விதானத்திலோ, தீர்த்தங்கரர்களின் வாழ்க்கை வண்ண ஓவியப் பட்டைகளாக விரிகிறது. அவற்றின் கீழும் தமிழில் குறிப்புகள் எழுதப்பட்டுள்ளன. ஒரு படம், அதன் கீழ் ஒரு வரி. பிறகு அடுத்த படம், அடுத்த வரி. இன்றைய குழந்தைப் படநூலின் அமைப்பும் இதுவே.

நெசவும் படத்தில்தான் தொடங்குகிறது. பட்டுச் சேலையின் கரையில் அமரும் அன்னமும் யாளியும் முதலில் கட்டமிட்ட தாளில் படமாக வரையப்படுகின்றன. அந்தக் கட்டங்களைப் பார்த்தே ஜக்கார்டு அட்டைகளில் துளையிடப்படுகிறது. எழுத்தறியாத நெசவாளர்கூட படத்தை வாசிக்க அறிந்தவராக இருந்தார்.

இப்படிப்பட்ட ஊரில், மூன்று முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளின் வகுப்பறையில் படநூலுக்கு என்ன இடம் இருக்கிறது? காஞ்சிபுரத்துக்கு மட்டுமன்றித் தமிழகம் முழுமைக்கும் பொருந்தும் கேள்வி இது.

ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி தொடங்கப்பட்டது. இன்று தமிழகத்தில் 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் உள்ளன. ஊட்டச்சத்து, தடுப்பூசி ஆகியவற்றுடன் முன்பருவக் கல்வியும் இவற்றின் பணியே. 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்ற பாடத்திட்டம், மாதந்தோறும் ஒரு கருப்பொருளை எடுத்துக்கொண்டு பாட்டு, கதை, விளையாட்டு வழியே கற்பிக்க வழிகாட்டுகிறது. 2019 ஜனவரியில், நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கும் 2,381 மையங்களில் எல்கேஜி, யுகேஜி வகுப்புகளும் தொடங்கப்பட்டன. எனவே திட்டம் இல்லை என்று குறை கூற முடியாது.

குறை வேறிடத்தில் இருக்கிறது. பல மையங்களில் படநூல்கள் அலமாரிக்குள் பூட்டப்பட்டிருக்கின்றன. கிழிந்தால் இருப்புப் பதிவேட்டில் கணக்குக் காட்ட வேண்டுமே என்ற அச்சமே அதற்குக் காரணம். சுவரில் ஒட்டிய படங்கள் பெரியவர்களின் கண்மட்டத்தில் இருக்கின்றன. தனியார் மழலையர் பள்ளிகளிலோ மூன்று வயதுக் குழந்தையின் கையில் பென்சிலைக் கொடுத்து எழுத்துகளை எழுதவைக்கும் அவசரம். மணிக்கட்டின் சிற்றெலும்புகள் முழுமையாக உருவாகாத வயது அது. அங்கன்வாடியில் 'ஒன்றும் சொல்லித்தருவதில்லை' என்று எண்ணும் பெற்றோர், தறியில் ஈட்டிய கூலியில் ஒரு பகுதியை அந்தப் பென்சிலுக்கே கட்டணமாகச் செலுத்துகின்றனர்.

நெசவாளர் குடும்பங்களுக்கு இது சிறிய விஷயமல்ல. பட்டுத் தொழிலில் கொத்தடிமைகளாக உழைத்த சிறார்கள் குறித்து 2003-இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. தறியருகே அமர்த்தப்பட்ட குழந்தைகளைப் பள்ளிக்குக் கொண்டுவரப் பலர் பல ஆண்டுகள் பாடுபட்டனர். அந்தத் தலைமுறையின் பிள்ளைகள் இன்று பள்ளிக்கு வருகின்றனர். வந்தவர்கள் வாசிக்கக் கற்றார்களா என்பதே இப்போதைய கேள்வி. அதற்கான விடை முதல் வகுப்பில் எழுதப்படுவதில்லை. அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் குழந்தை எவ்வளவு பேசியது, எவ்வளவு பேச்சைக் கேட்டது என்பதைப் பொறுத்தே அமைகிறது.

பிள்ளைகளின் கல்விக்குப் படங்களைப் பயன்படுத்த வேண்டும் என்ற கருத்து பழையது. கொமேனியஸ் என்ற கல்வியாளர் 1658-இலேயே உலகப் பொருள்களைப் படங்களாக்கி, இலத்தீனிலும் ஜெர்மனிலும் விளக்கம் எழுதிக் குழந்தைகளுக்கான நூலாக வெளியிட்டார். ஆனால், படநூலை எப்படிப் பயன்படுத்துவது என்பது அண்மைக் காலத்தில்தான் ஆய்வு வழியே தெளிவடைந்தது.

அமெரிக்க உளவியலாளர் ஒயிட்ஹர்ஸ்ட்டும் அவருடைய குழுவினரும் 1988-இல் வெளியிட்ட ஆய்வு அதில் முக்கியமானது. இரண்டு வயதுக் குழந்தைகளின் பெற்றோரை அவர்கள் இரு பிரிவாகப் பிரித்தனர். இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவு நேரம் படநூல் வாசித்தனர். ஒரு பிரிவினர் வழக்கம்போல வாசித்துக் காட்டினர். மற்றவர்களோ கேள்வி கேட்டு, குழந்தையின் பதிலை விரித்துச் சொல்லி, அதைப் பேசவைத்தனர். ஒரே மாதத்தில், சொல்லால் வெளிப்படுத்தும் திறனை அளக்கும் ஒரு தேர்வில் இரண்டாம் பிரிவுக் குழந்தைகள் சுமார் எட்டரை மாத வளர்ச்சி முந்தியிருந்தனர். ஒன்பது மாதங்களுக்குப் பின்னும், சற்றுக் குறைந்தாலும், அந்த இடைவெளி நீடித்தது. அவர்கள் வசதியான குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் என்ற ஐயத்துக்கும் பதில் கிடைத்தது. மெக்ஸிகோவில் குறைந்த வருவாய்க் குடும்பங்களின் குழந்தைகள் தங்கும் பொதுக் காப்பகம் ஒன்றில் இதே முறை பின்பற்றப்பட்டு, 1992-இல் வெளியான ஆய்விலும் நல்ல பலனே பதிவாகியிருக்கிறது.

இதன் சாரம் எளியது. நூலை யார் வாசிக்கிறார் என்பதைவிட, யார் பேசுகிறார் என்பதே முக்கியம். ஆசிரியர் வாசிக்க, குழந்தை கைகட்டிக் கேட்டால் பலன் குறைவு. குழந்தை பேச, ஆசிரியர் கேட்டுத் தொடர்ந்தால் பலன் அதிகம். குழந்தை 'பூனை' என்று ஒரு சொல் சொன்னால், 'ஆமாம், வெள்ளைப் பூனை நூலை உருட்டுகிறது' என்று ஆசிரியர் அதை வாக்கியமாக்கித் தர வேண்டும். பிறகு குழந்தையையே அதைச் சொல்லவைக்க வேண்டும். பயிற்சியின் உயிர்நாடி இதுதான்.

எத்தகைய கேள்விகளைக் கேட்பது? கல்வியாளர் கிருஷ்ண குமார், குழந்தையின் மொழி குறித்து 1986-இல் எழுதிய சிறுநூலில் ஐந்து வகைகளைக் காட்டுகிறார். காஞ்சிபுரத்து வகுப்புக்கு ஏற்ற ஒரு படத்தைக் கற்பனை செய்வோம். அம்மா தறியில் நெய்கிறார். வாசலில் பாட்டி நூல் சுற்றுகிறார். ஒரு பூனை நூல்கண்டை உருட்டுகிறது. 'பூனை எங்கே இருக்கிறது?' என்பது கண்டுபிடிக்கும் கேள்வி. 'பாட்டி ஏன் வாசலில் உட்கார்ந்திருக்கிறார்?' என்பது காரணம் தேடும் கேள்வி. 'அந்தப் பூனைக்கு இப்போது என்ன தோன்றும்?' என்று கேட்டால், பிறர் நிலையில் தன்னை வைத்துப் பார்க்கக் குழந்தை பழகும். 'நூல் சிக்கிக்கொண்டால் என்ன நடக்கும்?' என்பது ஊகத்தை வளர்க்கும். 'உன் வீட்டில் நூல் சிக்கினால் யார் எடுப்பார்கள்?' என்ற கேள்வி படத்தை வாழ்க்கையோடு இணைக்கும். ஒரே படத்தில் ஐந்து விதமான சிந்தனைகள். நம் வகுப்பறைகளில் பெரும்பாலும் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறோம்.

நூலை மூடிய பிறகும் பணி தொடர்கிறது. கூட்டுப்புழு, நூல், சாயம், தறி, சேலை என ஐந்து படங்களைக் கலைத்துப் போட்டு வரிசைப்படுத்தச் சொன்னால், முன்பின் என்ற கால உணர்வு வளரும். கதையை நடித்துக் காட்டச் சொன்னால் கூச்சம் கலையும். தறியில் மிஞ்சும் வண்ண நூல் துணுக்குகளையும் பழைய சேலை அட்டைப்பெட்டிகளையும் கொண்டு குழந்தைகளே படம் ஒட்டலாம். குழந்தை வரைந்த கிறுக்கலைப் பற்றி அது சொல்லும் வாக்கியத்தை ஆசிரியர் அப்படியே படத்தின் கீழ் எழுதிக் காட்டினால், தான் பேசுவதுதான் எழுத்தாகிறது என்பதை அக்குழந்தை உணரும். 'பட்டு', 'பாவு', 'பூனை' மூன்றும் ஒரே ஒலியில் தொடங்குவதைக் காதால் கண்டுகொள்ளும் குழந்தைக்கு, 'ப' என்ற எழுத்து பின்னாளில் அந்நியமாக இருக்காது.

எழுத்தே இல்லாத படநூல்களுக்குக் காஞ்சிபுரத்தில் தனிப் பயன் உண்டு. வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசும் நெசவுக் குடும்பங்கள் இங்கே தலைமுறைகளாக வாழ்கின்றன. மாவட்டத்தின் மறுகோடியில், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளுக்கு வட மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்களின் பிள்ளைகளும் இருக்கின்றனர். தமிழ் இன்னும் பழகாத குழந்தையும் படத்தைப் பார்த்துத் தன் மொழியில் முதல் சொல்லைச் சொல்ல முடியும். அந்தச் சொல்லை ஏற்றுக்கொண்டு, அதன் அருகே தமிழ்ச் சொல்லை வைப்பதே நல்ல ஆசிரியரின் வழி.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று பணியாளர்கள் கேட்பது நியாயமே. ஒருவர் இருபது, இருபத்தைந்து குழந்தைகளைக் கவனிக்க வேண்டும். எடை பார்க்க வேண்டும். பதிவேடுகளோடு கைப்பேசிச் செயலியிலும் விவரம் ஏற்ற வேண்டும். அதனால்தான் முறையை எளிதாக்க வேண்டியிருக்கிறது. நியூசிலாந்துக் கல்வியாளர் டான் ஹோல்டவே 1979-இல் முன்வைத்த பெரிய அளவுப் படநூல், முழு வகுப்புக்கும் ஒரே நேரத்தில் படத்தைக் காட்ட உதவுகிறது. சார்ட் அட்டையில் இதை எங்கும் தயாரிக்கலாம். மற்றவர்கள் விளையாடும்போது ஐந்தாறு குழந்தைகளை மட்டும் அருகே அமர்த்திக்கொண்டு பதினைந்து நிமிடம் பேசினாலும் போதும். வாரத்துக்குள் அனைவருக்கும் முறை வந்துவிடும். ஒரே நூலைப் பலமுறை வாசிப்பதும் குறையல்ல. அறிந்த கதையில்தான் குழந்தை துணிந்து பேசும்.

நூல்களுக்கும் பஞ்சமில்லை. சென்னையின் தாரா, தூலிகா பதிப்பகங்கள் முப்பது ஆண்டு அளவில் படநூல்களை வெளியிட்டு வருகின்றன. பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்ப் படக்கதைகளை இலவசமாகத் தரவிறக்கி அச்சிடலாம். தமிழகப் பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம், 'நுழை, நட, ஓடு, பற' என்ற நிலைகளில் சிறு நூல்களை மாணவர்களிடம் கொண்டு சேர்த்துள்ளது. அந்த முயற்சி மூன்று வயதுக் குழந்தை வரை இறங்கி வர வேண்டும்.

வர வேண்டிய இன்னொன்று, உள்ளூர்ப் படநூல். ஆப்பிளும் பனிவீடும் மட்டுமே நிறைந்த நூல்களில் தறியைக் காணாத குழந்தை, தன் வீடு நூலில் இடம்பெறத் தகுதியற்றது என்று எண்ணிவிடக்கூடும். காஞ்சிபுரத்தில் இயங்கும் நெசவாளர் சேவை மையத்தில் வடிவமைப்பாளர்கள் உள்ளனர். தெருவுக்குத் தெரு பாவும் ஊடையும் அறிந்த முதியோர் இருக்கின்றனர். இவர்களையும் அங்கன்வாடிப் பணியாளர்களையும் மாவட்ட நிர்வாகம் ஒன்றாக அமர்த்தினால், ஓராண்டில் பத்துப் படநூல்களை உருவாக்கிவிடலாம். அவற்றில் பெண் நெய்வதும் ஆண் சமைப்பதும் இயல்பாக இடம்பெறட்டும். கோயில் சிற்பங்களும் சமண ஓவியங்களும் தேவாலயமும் பள்ளிவாசலும் ஊரின் காட்சிகளாக வரட்டும்.

2002-ஆம் ஆண்டின் 86-ஆவது திருத்தத்துக்குப் பின், ஆறு வயது வரையிலான குழந்தைகளின் பராமரிப்புக்கும் கல்விக்கும் அரசு முயல வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 45-ஆவது பிரிவு கூறுகிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமோ, மூன்று வயதுக்கு மேற்பட்டோரின் முன்பருவக் கல்விக்கு அரசு ஏற்பாடு செய்யலாம் என்ற அளவில் நின்றுவிடுகிறது. சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்தில், நிர்வாகத்தின் அக்கறையே குழந்தைக்குத் துணை.

அந்த அக்கறையின் முதல் அடையாளமாக, ஓர் எளிய ஆணை பிறப்பிக்கப்படலாம். மையங்களில் உள்ள படநூல்களை இருப்புப் பொருளாகக் கருதாமல், சத்துமாவைப்போல நுகர்பொருளாக அறிவிக்க வேண்டும். கிழிந்தவற்றுக்கு விளக்கம் கேட்காமல் ஆண்டுதோறும் புதியவை வழங்க வேண்டும். அலமாரியின் பூட்டுத் திறக்கட்டும். குழந்தைகளின் கைக்கெட்டும் உயரத்தில் நூல்கள் அமரட்டும். ஓராண்டின் முடிவில் ஓரம் நைந்து, பசை ஒட்டி, பக்கம் கிழிந்து கிடக்கும் படநூலே அந்த மையம் நன்றாக இயங்கியது என்பதற்கான சான்றாக ஏற்கப்பட வேண்டும்.