நாலு சொட்டு புல்தைலம்

போன வாரம் டொராண்டோவில் மளிகை வாங்கப் போனப்போ தங்கமணி ஒரு சின்ன பாட்டிலைக் காட்டினாங்க. 'லெமன்கிராஸ் எசென்ஷியல் ஆயில்'. 10 மில்லி, பத்து டாலருக்கு மேலே. பக்கத்துல இருந்த சாம்பிளை மோந்து பார்த்தேன். அப்படியே மறையூர் வீட்டுத் திண்ணைக்குப் போயிட்டேன். அட, நம்ம புல்தைலம்!

மறையூர் தெரியாதவங்களுக்காக: உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னார் வழியா மூணாறு போற ரோட்டில் இருக்கு. தேவிகுளம் தாலுகா. 1956-ல் மாநிலங்களைப் பிரிச்சப்போ இது தமிழ்நாட்டுக்கா கேரளாவுக்கான்னு பெரிய இழுபறி நடந்தது. கடைசியில் கேரளாவோட நின்னுடுச்சு. 1972-ல் இடுக்கி மாவட்டம் உருவானப்போ அதில் சேர்ந்தது.

எங்க வீட்டில் ஃபினாயில் வாங்கினதே கிடையாது. வெள்ளிக்கிழமை அம்மா ஒரு வாளித் தண்ணியில் துணி துவைச்ச மிச்ச சோப்பைக் கரைச்சு, நாலு சொட்டு தைலம் விட்டு சிமெண்ட் தரையைத் துடைப்பாங்க. ஈ அண்டாது, வீடே மணக்கும். ஒரு பழைய மருந்து பாட்டில் நிறைய தைலம் இருந்தா பல மாசம் ஓடும்.

இந்தத் தைலத்துக்குப் பெரிய சரித்திரமே இருக்குங்க. ஒரு காலத்தில் உலகச் சந்தைக்குப் போன புல்தைலத்தில் பெரும்பங்கு கேரளாவிலிருந்து கப்பலேறினதுதான். வெளிநாட்டு வியாபாரிகள் 'கொச்சின் ஆயில்'னே சொல்வாங்க. இதில் முக்கால் பங்கு சிட்ரால்ங்கிற பொருள். சோப்புக்கும் சென்ட்டுக்கும் வாசனை தர்றது அதுதான். 1940-களின் கடைசியில் விட்டமின் ஏ-யைத் தொழிற்சாலையில் செய்ய ஆரம்பிச்சப்போ அதுக்கும் சிட்ரால் தேவைப்பட்டது. 1951-ல் பெரும்பாவூர் பக்கம் ஓடக்காலியில் இந்தப் புல்லுக்காகவே ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினாங்க. அப்புறம் பெட்ரோலியத்திலிருந்தே சிட்ரால் செய்யக் கத்துக்கிட்டாங்க. குவாத்தமாலா மாதிரி நாடுகளும் போட்டிக்கு வந்தாங்க. கொச்சின் ஆயிலோட மவுசு குறைஞ்சு போச்சு.

காய்ச்சுறவங்க யாரு? மறையூர், சின்னார் மலைச்சரிவுகளில் முதுவர்களும் மத்த மலைவாழ் மக்களும்தான். (முதுவர்கள் மதுரையிலிருந்து மலையேறினவங்கன்னு அவங்க வழிவழியா சொல்ற கதை.) ஓடை ஓரத்தில் அடுப்பு போட்டு, பெரிய பாத்திரத்தில் தண்ணிக்கு மேலே புல்லை அடைச்சு, விறகு எரிப்பாங்க. ஆவி குழாய் வழியா ஓடைத் தண்ணியில் குளிர்ந்து இறங்கும். மேலே மிதக்கிற எண்ணெயை வடிச்சு எடுப்பாங்க. நூறு கிலோ பச்சைப்புல்லுக்கு அரைக்கிலோ தைலம் கிடைச்சா அதிகம்.

அந்தக் கணக்கு எனக்கு ரொம்ப லேட்டாத்தான் புரிஞ்சது. அப்பா சின்ன பலசரக்குக் கடை வெச்சிருந்தார். மலையிலிருந்து வர்றவங்க அரிசி, உப்பு, புகையிலை கடனா வாங்கிட்டுப் போய், பின்னாடி தைலமா திருப்புவாங்க. விலை சொல்றது அப்பா. அளக்கிறதும் அப்பா. அவர் மோசக்காரர் இல்லை, ஊர் வழக்கம் அப்படி. ஆனா, "ஒரு பைசா செலவில்லாம வீடு மணக்குது பாரு"ன்னு அம்மா பெருமைப்பட்டாங்களே, அந்தப் பைசாவை வேற யாரோ விறகு சுமந்து கொடுத்திருக்காங்க. நம்ம வீட்டுச் சிக்கனம் எல்லாமே நாம மிச்சம் பிடிச்சதுன்னு சொல்லிட முடியாது.

இங்கே இருக்கிறவங்களுக்கு ரெண்டு விஷயம். அழுக்கை எடுக்கிறது சோப்பும் துணியும்தான். தைலம் வாசனைக்கு, ஈ விரட்டுறதுக்கு. அதனால மணக்குற கிளீனருக்கு விலை கொடுக்காம, சாதா சோப்புத் தண்ணியில் நாலு சொட்டு போதும். கறுப்புக் கண்ணாடி பாட்டிலில் வெயில் படாம வையுங்க. குழந்தை, பூனை எட்டாத இடமா இருக்கட்டும்.

அடுத்த தடவை ஊருக்குப் போறப்போ மறையூர்ல இறங்கி, காய்ச்சுறவங்க கிட்டயே நேரா வாங்குங்க. தயவுசெய்து பேரம் பேசாதீங்க. நான் இந்த முறை ரெண்டு பாட்டில் வாங்கினேன். கேட்ட விலையைக் கொடுத்தேன். அம்மாதான், "இவ்வளவா?"ன்னாங்க :-)