ஓம்புயிர்

‘ஓம்பு’ என்றால் பேணு, காப்பாற்று. விருந்தோம்பலில் இருக்கும் அதே ஓம்புதான். ஓருயிர் இன்னோர் உயிரை அண்டிப் பிழைத்தால், இடம் கொடுக்கும் உயிரை நம் உயிரியல் பாடநூல்கள் ‘ஓம்புயிர்’ என்கின்றன. இலக்கணப்படி வினைத்தொகை: ஓம்பிய, ஓம்புகின்ற, ஓம்பும் உயிர். மனமறிந்து ஓம்புகிறதா என்பதைச் சொல் சொல்லவில்லை. அங்கேதான் வேடிக்கை.

முன்சிறகு குட்டையான ரோவ் வண்டுகளில் சில எறும்புப் புற்றிலும் கறையான் புற்றிலும் குடியிருப்பவை. ஐரோப்பாவின் லோமெகூசா வண்டு தன் உடல் சுரப்பால் எறும்புகளை மயக்குகிறது. எறும்புகளே அதன் புழுவுக்கு ஊட்டி வளர்க்கின்றன. புழுவோ எறும்பின் குஞ்சுகளையும் தின்கிறது. இதுவும் ஓம்பல்தானாம்!

2023-இல் ஆஸ்திரேலியாவின் வடக்கு ஆட்புலத்திலிருந்து விவரிக்கப்பட்ட ஆஸ்ட்ரோஸ்பிராக்தா காரிஜோய் என்னும் ரோவ் வண்டு இன்னும் ஒரு படி மேலே. அதன் ஊதிப்பெருத்த வயிறு முதுகின்மேல் மடிந்து, ஒரு கறையானின் உருவமாகவே தோன்றுகிறது. கால், உணர்கொம்பு போன்ற போலி உறுப்புகள்கூட உண்டு. இருட்டில் தடவிப் பார்க்கும் கறையானுக்கு அது உறவுக்காரன்.

விருந்தாளி யார், விருந்தளிப்பவர் யார் என்ற குழப்பம் சொல்லிலும் உண்டு: லத்தீனில் ‘ஹோஸ்பெஸ்’ என்ற ஒரே சொல் விருந்தாளியையும் குறிக்கும், விருந்தளிப்பவரையும் குறிக்கும். நம் ‘விருந்து’க்குப் பழைய பொருள் புதுமை. புதிதாக வந்தவரே விருந்தினர். அந்தக் கணக்கில், புதிதாய்க் கண்டறியப்பட்ட இவ்வண்டு நமக்கும் விருந்துதான்.