தன் கடனுக்குத் தானே ஜாமீன்

கிரிப்டோவில் ஸ்டேபிள்காயின் என்று ஒரு வகை உண்டு. விலை ஏறாது, இறங்காது. எப்போதும் ஒரு டாலர்தான். பெரும்பாலானவற்றில் வெளியிடும் ஒவ்வொரு காயினுக்கும் ஈடாக ரொக்கமோ அரசுக் கடன் பத்திரமோ கையிருப்பில் இருக்கும். அல்காரிதமிக் ஸ்டேபிள்காயின்காரர்கள் சொல்வது வேறு: கையிருப்பு எதுக்கு, கணக்கே காப்பாத்தும்! இப்படி ஒரு திட்டத்தில் பணம் போடலாமா என்று எடைபோட, டெர்ராவின் கதையை விட நல்ல பாடம் இல்லை.

தென் கொரியாவைச் சேர்ந்த டோ குவோனும் டேனியல் ஷின்னும் 2018இல் தொடங்கிய நிறுவனம் டெர்ராஃபார்ம் லேப்ஸ். அவர்களிடம் இரண்டு காயின்கள். யூஎஸ்டி என்பது ஒரு டாலர் காயின். லூனா, விலை ஏறி இறங்கும் காயின். ஒரு யூஎஸ்டியைக் கொடுத்தால் ஒரு டாலர் மதிப்புள்ள லூனா கிடைக்கும். யூஎஸ்டி 98 சென்ட்டுக்கு இறங்கினால், அதை வாங்கி லூனாவாக மாற்றி விற்பவருக்கு 2 சென்ட் லாபம். மாற்றிய யூஎஸ்டி அழிக்கப்படும், வரத்து குறையும், விலை ஏறும். கேட்க அழகாத்தான் இருக்கு.

சிக்கல் எங்கே? லூனா 80 டாலர் விற்கும்போது 80 யூஎஸ்டிக்கு ஒரே ஒரு லூனா அச்சடித்தால் போதும். லூனா ஒரு சென்ட்டுக்கு வந்துவிட்டால் ஒரு யூஎஸ்டிக்கே 100 லூனா அச்சடிக்க வேண்டும். அச்சடிக்க அச்சடிக்க விலை இன்னும் சரியும். ஜாமீன் போட்டவரும் கடன் வாங்கியவரும் ஒரே ஆள் என்றால் இப்படித்தான்.

2021 ஜூனில் அயர்ன் ஃபைனான்ஸ் என்ற திட்டத்தில் இதுவே நடந்தது. அதன் டைட்டன் காயின் 60 டாலருக்கு மேலிருந்து ஒரே நாளில் கிட்டத்தட்ட பூஜ்யமானது. அந்த யூஎஸ்டி மாதிரிக் காயினுக்கு ஓரளவு கையிருப்பு இருந்தும் தப்பவில்லை. டெர்ரா அதற்குப் பிறகும் வளர்ந்தது. காரணம், ஆங்கர் என்ற சேமிப்புத் திட்டம். யூஎஸ்டி போட்டு வைத்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய 19.5 சதவீத வட்டி. கடன் வாங்கியவர்களிடமிருந்து வந்த வருமானம் அதற்குப் போதவில்லை. 2022 பிப்ரவரியில் 45 கோடி டாலரை வெளியிலிருந்து கொண்டுவந்து நிரப்பினார்கள். கணக்கே போதும் என்றவர்கள், அதே சமயத்தில் பிட்காயினையும் வாங்கிக் குவித்தார்கள்.

2022 மே 7ஆம் தேதி யூஎஸ்டி ஒரு டாலரிலிருந்து வழுக்கத் தொடங்கியது. அப்போது சுமார் 1,800 கோடி டாலர் யூஎஸ்டி புழக்கத்தில் இருந்தது. அதில் முக்கால்வாசி ஆங்கரில். எல்லோரும் ஒரே வாசலுக்கு ஓடினார்கள். சுமார் 35 கோடியாக இருந்த லூனா சில நாட்களில் 6.5 லட்சம் கோடியைத் தாண்டியது. ஏப்ரலில் 119 டாலர் தொட்ட காயின் ஒரு சென்ட் கூடப் பெறவில்லை. 80,000 பிட்காயின் கையிருப்பில் மிஞ்சியது 313.

அப்படியானால் முன்கூட்டியே பார்த்திருக்க முடியாதா? ஜாமீன் யார், வட்டி எங்கிருந்து வருகிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் பொதுவெளியிலேயே இருந்தது. மூன்றாவது கேள்விதான் பலரை ஏமாற்றியது: முன்பு நெருக்கடி வந்தபோது தாக்குப்பிடித்ததா?

தாக்குப்பிடித்தது போலத்தான் தெரிந்தது. 2021 மே மாதம் யூஎஸ்டி சரிந்து மீண்டபோது, அல்காரிதம் தானாகவே சரிசெய்துவிட்டது என்றார்கள். உண்மையில் ஒரு வர்த்தக நிறுவனம் திரைக்குப் பின்னால் யூஎஸ்டியை வாங்கித்தான் விலையைத் தூக்கி நிறுத்தியது. 2024 ஏப்ரலில் நியூயார்க் நடுவர் குழு நிறுவனத்தையும் குவோனையும் மோசடிக்குப் பொறுப்பாக்கியது. 2025 ஆகஸ்டில் குவோனே குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

ஆகவே "இதுவரை விழவில்லையே" என்று யாராவது சொன்னால், அதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். போன தடவை தாங்கிப் பிடிச்சது யாரு, எந்தப் பணத்துல பிடிச்சாங்கன்னு கேளுங்க. பதில் வரவில்லை என்றால், அதுவே பதில்.