சம்பளத்தில் பிடிக்கப்படும் தர்மம்

புயலோ வெள்ளமோ போரோ வந்தால், இந்தியாவில் அரசு அலுவலகங்களிலும் ஆலைகளிலும் வேலை செய்வோர் ஒரு நாள் ஊதியத்தை நிவாரண நிதிக்குத் தருவது நெடுநாள் வழக்கம். அந்தப் பணம் அவர்கள் கைக்கு வருவதே இல்லை. சம்பளப் பட்டியலிலேயே பிடித்தம் செய்யப்பட்டு நேராக நிதிக்குப் போய்ச் சேரும். பெருந்தொகையை விரைவில் திரட்ட இது எளிய வழி. ஆனால் நன்கொடை கேட்பவரே சம்பளம் கொடுப்பவராகவும் இருக்கும்போது, தொழிலாளிக்கு மறுக்கும் உரிமை எவ்வளவு மிஞ்சுகிறது? இந்த வழக்கத்தின் வரலாறு முழுவதும் இக்கேள்வி தொடர்ந்து வருகிறது.

கூலியில் கைவைக்கும் முதலாளியின் அதிகாரத்துக்குச் சட்டம் வரம்பு கட்டத் தொடங்கியது பிரிட்டனில். கூலியைப் பணமாகவே தர வேண்டும், முதலாளியின் கடைச் சரக்காகத் தரக்கூடாது என்று 1831-ஆம் ஆண்டின் டிரக் சட்டம் விதித்தது. 1887, 1896 ஆகிய ஆண்டுகளின் சட்டங்கள் அதை விரிவாக்கி, அபராதங்களுக்கும் பிடித்தங்களுக்கும் நிபந்தனை போட்டன. இருந்தும் ஒரு வாசல் திறந்தே கிடந்தது. தொழிலாளர் அனைவரும் ஆலையின் நோய், விபத்து உதவிச் சங்கத்தில் உறுப்பினராக வேண்டும் என்று ஒரு நிறுவனம் விதி வைத்து, சந்தாவைக் கூலியில் பிடித்து வந்தது. இதை எதிர்த்த ஹியூலெட் எதிர் ஆலன் வழக்கில், 1894-இல் பிரபுக்கள் சபை நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. தொழிலாளியின் சம்மதத்தோடு மூன்றாம் தரப்புக்குச் செலுத்திய தொகை தொழிலாளிக்கே கொடுத்த கூலிக்குச் சமம் என்பது அதன் நிலைப்பாடு. வேலை வேண்டுமானால் சம்மதித்தாக வேண்டும் என்ற நிலையில் பெற்ற சம்மதமும் சட்டத்தின் கண்ணில் சம்மதமாகவே நின்றது.

இந்திய ஆலைகளில் இத்தகைய பிடித்தங்கள் தாராளமாக நடந்தன. 1929-இல் அமைக்கப்பட்ட, ஜான் ஹென்றி விட்லி தலைமையிலான தொழிலாளர் ஆணையம் 1931-இல் தந்த அறிக்கையில் இதை எடுத்துச் சொன்னது. அபராதமும் சேதத்துக்கான ஈடும் ஒருபுறம் இருக்க, மருத்துவம், கல்வி, வாசகசாலை ஆகியவற்றின் பேரிலும், தர்மம், சமயம் என்று முதலாளி தேர்ந்தெடுத்த காரியங்களின் பேரிலும் கூலி குறைக்கப்பட்டு வந்தது. புண்ணியக் காரியம் எது என்பதை முதலாளி முடிவு செய்தார். அதற்கான செலவில் தொழிலாளியும் பங்கு சுமந்தார். மாதக் கடைசியில் வட்டிக்கு வாங்கிக் காலம் தள்ளிய ஒரு நெசவாலைத் தொழிலாளிக்கு அணாக்கணக்கில் போன அந்தத் தொகையும் பெரிதுதான்.

ஆணையத்தின் பரிந்துரைகளைத் தொடர்ந்து 1936-ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டம் பிறந்தது. 1937 மார்ச் மாதம் அது நடைமுறைக்கு வந்தது. மாதம் 200 ரூபாய்க்குக் குறைவான கூலி பெற்றவர்களுக்கு அது பொருந்தியது. அதன் 7-ஆம் பிரிவு இந்தத் துறையின் அடித்தளம். சட்டம் பட்டியலிட்ட பிடித்தங்களைத் தவிர வேறெதுவும் செய்யக்கூடாது என்று அது சொன்னது. முதலாளிக்குத் தோன்றிய தர்மங்கள் அந்தப் பட்டியலில் இல்லை. அபராதத்துக்கும் ரூபாய்க்கு அரை அணா என உச்சவரம்பு வந்தது. அபராதமாகப் பிடித்த பணத்தைத் தொழிலாளர் நலனுக்கே செலவிட வேண்டும் என்றும் விதி ஏற்பட்டது. கூலி தொழிலாளியின் சொத்து, அதை எந்த நற்காரியத்துக்குச் செலவிடுவது என்பதை அவரே முடிவு செய்வார் என்ற கொள்கைக்கு இவ்வாறு சட்டத்தில் இடம் கிடைத்தது.

இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் இந்தக் கேள்வி அரசியல் களத்துக்கு வந்தது. மாகாணங்களில் போர் நிதி திரட்டியவர்கள் ஆட்சி அதிகாரத்தில் இருந்தவர்களே. அவர்கள் கேட்டால் கீழே இருப்பவர் மறுப்பது எளிதல்ல. 1940 அக்டோபரில் வினோபா பாவே பௌனாரில் தொடங்கி வைத்த தனிநபர் சத்தியாக்கிரகத்தில், ஆளாலும் பணத்தாலும் பிரிட்டனின் போருக்கு உதவுவது தவறு என்பதே முழக்கம். அதைப் பொதுவில் சொன்னவர்கள் ஆயிரக்கணக்கில் சிறை சென்றனர்.

விடுதலைக்குப் பின் நன்கொடையின் நோக்கங்கள் மாறின. பிரிவினையால் இடம்பெயர்ந்து வந்தவர்களுக்கு உதவ 1948 ஜனவரியில் நேருவின் வேண்டுகோளின் பேரில் பிரதமர் தேசிய நிவாரண நிதி தொடங்கியது. 1949 முதல் டிசம்பர் 7 படைவீரர் கொடி நாளாயிற்று. 1962-இல் சீனாவுடன் போர் மூண்டபோது தேசியப் பாதுகாப்பு நிதிக்கு மக்கள் பணத்தோடு நகைகளையும் கழற்றித் தந்தனர். இந்த நிதிகளுக்கு மனமுவந்து கொடுத்தவர்கள் ஏராளம், அந்தப் பணத்தால் பலர் பிழைத்தார்கள் என்பதும் மறுக்க முடியாதது. ஊதியம் வழங்கல் சட்டத்தின் பிடித்தப் பட்டியலிலும் பின்னர் ஓர் உட்பிரிவு சேர்ந்தது. பிரதமர் தேசிய நிவாரண நிதிக்கோ, மத்திய அரசு அறிவிக்கும் வேறு நிதிக்கோ ஊதியத்தில் பிடிக்கலாம், ஆனால் அதற்குத் தொழிலாளி எழுத்துமூலம் அனுமதி தந்திருக்க வேண்டும்.

எழுத்துமூல அனுமதி என்ற சொல் சட்டத்தில் தெளிவாக இருந்தாலும், அலுவலக நடைமுறை வேறு பாதையில் போனது. பேரிடர் வந்ததும் ஊழியர் சங்கத் தலைவர்கள் முதலமைச்சரைச் சந்தித்து உறுப்பினர்களின் சார்பில் ஒரு நாள் ஊதியம் தருவதாக அறிவிப்பார்கள். அரசாணை வெளிவரும். பணம் பெற்று வழங்கும் அலுவலர் அடுத்த மாதப் பட்டியலில் பிடித்தத்தைச் சேர்ப்பார். விருப்பமில்லாதவர் அவரிடம் போய்க் கடிதம் கொடுக்க வேண்டும். அந்த அலுவலரோ பெரும்பாலும் விடுப்பு, ஊதிய உயர்வு ஆகிய கோப்புகளையும் கையில் வைத்திருப்பவர். கொடி நாள் வசூலுக்கு மாவட்டவாரியாக இலக்கு வைக்கப்படுவதும் இதே வகை. இலக்கு மேலிருந்து கீழே இறங்க இறங்க வேண்டுகோள் கட்டளையின் சாயலைப் பெற்றுவிடுகிறது. யாரும் மிரட்ட வேண்டியதில்லை. கொடுக்காதவர் யார் என்பது மேலதிகாரிக்குத் தெரிந்தாலே போதும், கட்டாயம் தானாக வந்துவிடும்.

2018-இல் கேரளம் இதை நீதிமன்றம் வரை கொண்டுபோனது. அந்த ஆகஸ்டில் வந்த பெருவெள்ளத்தில் நானூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மறுசீரமைப்புக்காக ஒவ்வொருவரும் ஒரு மாதச் சம்பளத்தைத் தரலாம், மாதம் மூன்று நாள் வீதம் பத்து மாதங்களில் கட்டலாம் என்று முதலமைச்சர் பினராயி விஜயன் வேண்டினார். செப்டம்பரில் வந்த அரசாணையின் 10-ஆம் பத்தி, தர விரும்பாத ஊழியர் தமது மறுப்பை எழுதிக் கொடுக்க வேண்டும் என்றது. அதாவது மௌனமாக இருந்தவரின் சம்பளத்தில் பிடித்தம் நடக்கும், மறுத்தவரின் பெயர் தாளில் ஏறும். ஊழியர் அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில் கேரள உயர் நீதிமன்றம் அந்தப் பத்திக்குத் தடை விதித்தது. மாநில அரசின் மேல்முறையீட்டில் தலையிட அக்டோபர் 29 அன்று உச்ச நீதிமன்றமும் மறுத்தது. தர இயலாதவரை அதை எழுதிக் கொடுக்கச் செய்வது அவரைச் சிறுமைப்படுத்துவதாகும் என்ற கருத்து அந்த விசாரணையில் வெளிப்பட்டது. நல்ல நோக்கத்துக்கான நிதி என்பது கேட்கும் முறையின் குறையை மூடிவிடாது என்பதே இந்த வழக்கு தந்த பாடம்.

அதே முறை 2020-இல் மத்திய அரசிலும் தலைகாட்டியது. கொரோனா பரவத் தொடங்கியதும் மார்ச் மாதம் பிஎம் கேர்ஸ் நிதி அமைக்கப்பட்டது. 2021 மார்ச் வரை மாதம் ஒரு நாள் ஊதியத்தை அந்த நிதிக்குத் தருமாறு நிதி அமைச்சகத்தின் வருவாய்த் துறை ஏப்ரலில் தன் அலுவலர்களைக் கேட்டது. ஆட்சேபம் உள்ளவர்கள் பணியாளர் எண்ணைக் குறிப்பிட்டு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றது. எதிர்ப்பு எழுந்தபின், விருப்பம் உள்ளவர்கள் தெரிவித்தால் போதும் என்று சுற்றறிக்கை திருத்தப்பட்டது. அதே மாதம் கேரளம், ஊழியர்களிடம் மாதம் ஆறு நாள் ஊதியம் வீதம் ஐந்து மாதங்களுக்கு நிறுத்தி வைக்க உத்தரவிட்டது. இது நன்கொடை அன்று, பின்னர் திருப்பித் தர வேண்டிய தொகை. ஆயினும் சட்ட ஆதாரம் இன்றி ஊதியத்தை நிறுத்த முடியாது என்று உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அதன்பின் மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது.

2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் நிலச்சரிவு நேர்ந்தபோது இந்த அனுபவத்தின் தடம் தெரிந்தது. குறைந்தது ஐந்து நாள் ஊதியம் கேட்ட கேரள அரசு, இம்முறை மறுப்புக் கடிதம் கேட்கவில்லை. சம்மதக் கடிதம் தந்தவரிடம் மட்டும் பிடித்தம் என்றது. ஐந்து நாள் என்ற கீழ்வரம்பு ஏன், இயன்றதைத் தரக்கூடாதா என்று சில சங்கங்கள் எதிர்த்தன. கேட்கும் முறை சீரானபின், எவ்வளவு தருவது என்பதும் ஊழியரின் விருப்பமே என்ற அடுத்த வாதம் இவ்வாறு எழுந்தது.

1936-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2019-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஊதியச் சட்டத்தொகுப்பும் நிவாரண நிதிக்கான பிடித்தத்துக்கு எழுத்துமூல அனுமதியையே நிபந்தனையாக வைத்திருக்கிறது. எல்லாப் பிடித்தங்களும் சேர்ந்து ஊதியத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்ற வரம்பும் அதில் உண்டு. விட்லி ஆணையத்தின் காலம் முதல் கற்றதெல்லாம் இந்த நிபந்தனைக்குள் அடங்கியிருக்கிறது. சம்மதத்தை ஊழியர் தாமாகத் தர வேண்டும். மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தராதவரின் பெயரைப் பட்டியலிடக் கூடாது. தொகையை மேலிடம் நிர்ணயிக்கக் கூடாது. இவற்றைக் காப்பாற்றினால் நிதியில் சேரும் பணம் சற்றே குறையலாம். ஆனால் சேர்ந்ததெல்லாம் கொடுத்தவர் மனமறிந்து கொடுத்ததாக இருக்கும். அப்போதுதான் அதை நன்கொடை என்று சொல்ல முடியும்.